திண்டுக்கல் தந்த இரண்டு குருமார்கள்

தஞ்சாவூர்க்காரர்களிடம் ஆபிரகாம் பண்டிதர் எந்த ஊர் என்று கேட்டால் 'எங்க ஊர்' என்பார்கள். ஊரிலுள்ள ஆபிரகாம் பண்டிதர் சாலை அதற்குச் சாட்சி. பிறந்தது 1859 ஆகஸ்ட் 2இல், தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அவருடைய இளமையின் சில ஆண்டுகள் மலைக்கோட்டை நிழலில், திண்டுக்கல்லில் கழிந்தன. வாழ்க்கை வரலாறுகள் இரண்டு மூன்று பத்திகளில் கடந்துபோகும் அந்த ஆண்டுகளைத்தான் இந்த வாரம் கொஞ்சம் நின்று பார்க்கப்போகிறோம்.

ஆசிரியப் பயிற்சிக்காக வந்தவர் அவர். மிஷன் நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு, அங்கேயே பாடம் சொல்லியும் கொடுத்தார். 1875இல்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது; புகையிலை வண்டிகளும் பூட்டுப் பட்டறைகளுமாகப் பின்னாளில் பேர் வாங்கப்போகும் ஊர். பள்ளி நேரம் போக மிஞ்சிய பொழுதில் சடையாண்டி பத்தர் என்ற வித்வானிடம் போய் உட்கார்ந்தார். கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன் கர்நாடக இசையை முறையாகக் கற்றது அங்கேதான்.

மூலிகை ஆர்வமும் கூடவே இருந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குப் போனவர் கருணானந்தர் என்ற சித்தரைச் சந்தித்து, அவரிடம் மருந்து முறைகளைக் கற்றுக்கொண்டார்.

1883இல் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சைக்குப் போனார். இருவருக்கும் பெண்கள் பள்ளியில் ஆசிரியர் வேலை. ஏழு ஆண்டில் அதை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். அவருடைய கோரோசனை மாத்திரைகள் இலங்கை, பர்மா வரை விற்றன. அந்தப் பணத்தில் வாங்கிய பண்ணைக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். பின்னால் எழுதிய பெருநூல் 'கருணாமிர்த சாகரம்'. தொட்டதிலெல்லாம் சுருளிமலைக் குருவின் கருணை. திண்டுக்கல் பத்தரின் பெயருக்கு எந்தப் பலகையும் கிடைக்கவில்லை. ஆனால் மாத்திரை சம்பாதித்த பணம் போய்ச் சேர்ந்தது பத்தர் சொல்லிக்கொடுத்த வித்தைக்குத்தான்!

ஆசிரியர் புத்தி அவரை விடவில்லை. அன்று இசை கற்க உட்காரும் தமிழ்ப் பிள்ளை, பொருள் தெரியாத தெலுங்கு கீதத்தைத்தான் மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. பண்டிதர் தாமே தமிழில் சாகித்தியம் எழுதினார். சுரக் குறிப்போடு 96 பாடல்கள் கொண்ட 'கருணாமிர்த சாகரத் திரட்டு' 1907இல் அச்சேறியது.

பிறகு வந்தது சுருதிச் சண்டை. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' வழி வந்த கணக்கு. பண்டிதர் தந்திக் கம்பியை அளந்து பார்த்தார். ச-விலிருந்து ப, அந்தப் ப-வை ச-வாக வைத்து அதற்கு ஒரு ப என்று பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் என்ற பழைய அளவில் ஏறினால் வட்டம் மூடாது, கொஞ்சம் மிஞ்சும். ஆகவே பன்னிரண்டும் சம இடைவெளி, ஒவ்வொன்றையும் பாதியாகப் பிரித்தால் 24 சுருதி என்றார். சிலப்பதிகாரம் காட்டும் பாலைகளில் ஆயப்பாலை 12, வட்டப்பாலை 24 என்று அதற்கு ஆதாரமும் வைத்தார்.

இதை மேடையேற்றவே 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, கைப்பணத்தில் மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவர் மகள் மரகதவல்லி உள்ளிட்ட வீட்டுப் பெண்கள் பாடியும் வீணை மீட்டியும் அவர் கணக்கை நிரூபிக்க முயன்றார்கள். வித்வான்கள் எல்லாரும் ஏற்றார்களா? இல்லை. சம இடைவெளி என்பது பியானோவின் கணக்கு, கமகத்துக்கு ஒத்துவராது என்ற மறுப்பு இன்றும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் இன்றைய ராகங்களின் வேரைச் சிலம்பின் வரிகளில் தேடவேண்டும் என்று அவர் போட்ட பாதையில்தான் பின்னால் வந்த தமிழிசை ஆய்வாளர்கள் நடந்தார்கள்.

1917இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அச்சிட்டது அவருடைய சொந்த அச்சகம். இரண்டே ஆண்டில், 1919 ஆகஸ்ட் 31 அன்று, பண்டிதர் மறைந்தார். ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, மரகதவல்லியின் முயற்சியால் 1946இல் அச்சேறியது.