ஜெஃபர்சன் விற்ற நூலகம்

1814 ஆகஸ்டில் பிரித்தானியப் படையினர் வாஷிங்டன் நகருக்குள் புகுந்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் கட்டடத்துக்குத் தீ வைத்தனர். உள்ளே இருந்த ஏறத்தாழ 3,000 நூல்கள் அழிந்தன. விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவரும் மூன்றாவது குடியரசுத் தலைவருமான தாமஸ் ஜெஃபர்சன் (1743–1826) அப்போது வர்ஜீனியாவில், மாண்டிசெல்லோ என்னும் தமது பண்ணை வீட்டில் ஓய்வாக வாழ்ந்துவந்தார். அடுத்த மாதமே தம் சொந்த நூலகத்தைக் காங்கிரசுக்கு விலைக்குத் தர முன்வந்தார். அவருக்குக் கடன் நிறைய இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

காங்கிரசில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. சட்டம் இயற்றுவோருக்கு இத்தனை பிறமொழி நூல்கள் எதற்கு? வால்டேர் போன்றோரின் நூல்கள் சமயத்துக்குப் பகையல்லவா? இவ்வளவு பணம் தரலாமா? ஜெஃபர்சன் தமது கடிதத்திலேயே இதற்கு விடை சொல்லியிருந்தார். காங்கிரஸ் உறுப்பினருக்கு என்றேனும் தேவைப்படாத துறை என்று எதுவும் இல்லை என்பதே அது. அரசியலும் சட்டமும் மட்டுமல்ல, வேளாண்மை, வானியல், கட்டடக்கலை, கவிதை எல்லாம் அந்நூலகத்தில் இருந்தன. பிரான்சிஸ் பேக்கனைப் பின்பற்றி நினைவு, பகுத்தறிவு, கற்பனை என அறிவை மூன்றாகப் பகுத்து, அவற்றை 44 உட்பிரிவுகளாக அவர் அடுக்கிவைத்திருந்தார். கீழவையில் ஆதரவு 81, எதிர்ப்பு 71. வெறும் பத்து வாக்கு வேறுபாடு! 1815இல் 6,487 நூல்கள் 23,950 டாலருக்குக் கைமாறி, பத்து வண்டிகளில் தலைநகர் சேர்ந்தன. 1851 தீவிபத்தில் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எரிந்துபோயிற்று. எனினும் இன்றைய காங்கிரஸ் நூலகம் இந்த அடித்தளத்தின்மேல் வளர்ந்ததுதான்.

ஆள்வோருக்கு மட்டுமல்ல, அவர்களைக் கண்காணிக்கவேண்டிய மக்களுக்கும் படிப்பு வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். 1779இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு அவர் வரைந்த மசோதா, ஆண், பெண் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு இலவசப் பள்ளிக்கல்வி கேட்டது. அது நிறைவேறவில்லை. பின்னாளில் அவர் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் (திறப்பு 1825) நடுநாயகமாக நின்றது தேவாலயம் அன்று, நூலகம்.

ஆனால் அந்த மசோதாவில் ஒரு சொல்லை மாணவர்கள் கவனிக்கவேண்டும். இலவசக் கல்வி 'சுதந்திரமான' பிள்ளைகளுக்கு மட்டுமே. அடிமைகளின் பிள்ளைகள் அதில் இல்லை. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். நூல் வாங்கவும் படிக்கவும் அவருக்குக் கிடைத்த ஓய்வு அவர்கள் உழைப்பில் கிடைத்தது.

நூலகத்தை விற்ற கையோடு அவர் மறுபடியும் நூல் வாங்கத் தொடங்கிவிட்டார். 1826 ஜூலை 4ஆம் நாள் இறந்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. அதை அடைக்க, 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் 130 அடிமைகள் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டனர். புதிதாகச் சேர்த்த நூல்கள் 1829இல் ஏலம் போயின.