இசை முதுகலைப் பட்டம்

இசை முதுகலைப் பட்டம் என்பது இளங்கலைக்குப் பின், பொதுவாக 2 ஆண்டுகள், இசையின் செய்முறையையும் இலக்கணத்தையும் ஒருங்கே பயிற்றும் பல்கலைக்கழகப் பட்டம். தமிழகத்தில் இது பெரும்பாலும் கர்நாடக இசை சார்ந்தது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின் முதலிய பிரிவுகள் உண்டு. மாணவர் ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், பல்லவி ஆகிய கற்பனை இசை வடிவங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பாட்டுக்கு நிகராக நூலறிவும் இதில் வற்புறுத்தப்படுகிறது: சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகள், சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம், 72 மேளங்களை (தாய் ராகங்களை) வகுத்த வேங்கடமகியின் சதுர்தண்டி பிரகாசிகை ஆகியவை அடிப்படைப் பாடங்கள். குருகுலத்தில் செவிவழி வந்த கலைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறை 1932-இல் தோன்றியது. அதை வளர்த்த பி. சாம்பமூர்த்தியின் பாடநூல்கள் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. பட்டதாரிகள் ஆசிரியப் பணிக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் செல்கின்றனர். மேடைக் கச்சேரிக்குப் பட்டம் தேவையில்லை. ஆயினும் கலைஞர் பலர் இதைப் பயில்கின்றனர்.