மதுரை ஊர்காப்பாளரும் கோவலன் கொலையும்

சங்ககால நகர்காவலின் இயல்பை அறிதற்கு நமக்கு இலக்கியமே பெருந்துணையாக உள்ளது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தளித்ததன் பின்னரே மதுரை மாநகரின் ஊர்காப்பாளரைப் பற்றிய இரு சித்திரங்களையும் ஒருங்கு வைத்துக் காணும் வாய்ப்பு ஆராய்ச்சியாளர்க்கு எளிதாயிற்று. இவ்விரண்டும் ஒரே நகரின் காவலைக் காட்டுவன. எனினும் தம்முள் பெரிதும் வேறுபடுவன. அவ்வேறுபாடே கோவலன் கொலையை விளக்கும் திறவுகோல் என யாம் கருதுகின்றோம்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளால் இயன்றது. அதன்கண் நள்ளிரவு வருணனை வருமிடத்துக் கள்வரும் காவலரும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றனர். கள்வர் இருளோடு இருளாக மறையும் நீலக் கச்சினர். காலிற் செருப்பு அணிந்தவர். கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாளும், தொடையில் செருகிய குறும்பிடியும், மெல்லிய நூலேணியும், நிலத்தை அகழும் உளியும் உடையவர். இத்துணைக் கருவிகளையும் புலவர் எண்ணிக் காட்டுவது வீணன்று. இவை அனைத்தும் தாங்கிய ஒருவனை மழைபெய்யும் அரையிரவில், நீர் பெருகியோடும் தெருவில் எதிர்கொள்வதே காவலர்தம் தொழில். அவர்களோ யானையின் வரவு பார்த்திருக்கும் புலியை ஒப்பவர், உறக்கமும் அச்சமும் அற்றவர், தப்புதற்கரிய அம்பினர். இவற்றினும் சிறப்பாக, நூல்நெறி பிழையாத நுண்ணிய தேர்ச்சியர் என்றும் அவர் புகழப்படுகின்றனர். கள்வன் எங்கே ஒடுங்குவான், எவ்வாறு இயங்குவான் என்பதைக் கற்றறிந்தவர் என்பது இதனாற் போதரும். காவல் வெறும் தோள்வலியன்று, ஒரு கல்வி என மதுரை எண்ணியிருந்தது.

இனிச் சிலப்பதிகாரத்தின் பதினாறாம் காதையாகிய கொலைக்களக் காதையைக் காண்பாம். களவுபோன சிலம்பு அவன் கையதாயின் கொன்று அதனைக் கொணர்க என்பது பாண்டியன் ஊர்காப்பாளர்க்கு இட்ட ஆணை. ‘கொல்லுதற்குக் கொணர்க’ எனக் கருதியவன் வாய்சோர்ந்து இங்ஙனம் கூறினான் என விளக்கும் உரைமரபு ஒன்று உண்டு. அது மன்னனுக்கு ஆறுதலாகலாம்; காவலர் செவியில் விழுந்தது சொல்லே, கருத்தன்று.

கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளெடுத்திலர் என்பது பலர் கருதாது விடும் செய்தி. அவன் தோற்றத்தையும் இலக்கணத்தையும் நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே அவர்கள் கூறுகின்றனர். இது பழகிய காவலரின் கண். அக்கணத்தில் பொற்கொல்லன் குறுக்கிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என விரிக்கின்றான். பாண்டிய இளவரசன் உருவிய வாளுக்கும் தப்பி ஆரத்தைக் கவர்ந்தேகிய கள்வன் ஒருவன் கதையையும் சொல்கின்றான். மதுரைக்காஞ்சியில் காவலர்க்குரியதாக இருந்த களவுநூல் அறிவு ஈண்டுக் குற்றஞ்சாட்டுவோன் வாயில் இருக்கின்றது. காவலர் மாணவராகிவிடுகின்றனர், ஆசிரியனோ உண்மைக் கள்வன்.

அதன்பின் வேலேந்திய இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தை உரைக்கின்றான். மாரிக்காலத்து நள்ளிருளில் உளியும் நீல உடையுமாய் ஒருவன் கடும்புலி போல எதிர்ப்பட்டான். யான் வாளை உருவினேன். அவன் அதனைப் பறித்துக்கொண்டான். பின் அவனை எங்கும் காணேன் என்கின்றான். மதுரைக்காஞ்சியின் கள்வனே உளியும் நீல உடையும் மாறாது மீண்டும் வருதல் காண்க. ஆனால் உவமை இடம் மாறியிருக்கின்றது: ஆங்குப் புலி காவலன், ஈங்குப் புலி கள்வன். தப்பவிட்டால் வேந்தன் வருத்துவான் என்ற அச்சத்தையும் அவ்விளைஞன் மறையாது சொல்லி, செய்வதென்ன என உடனிருந்தாரைக் கேட்கின்றான். வினாவுக்கு எவரும் விடையிறுக்கவில்லை. கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

கொலைக்குக் கள்ளே காரணம் என்று அமைதல் எளிது. ஆனால் கள்ளுண்ணாத இளைஞனின் அச்சமே அவ்வாளை ஓங்கச் செய்தது. அவன் பொய் கூறினானல்லன். இருளில் நேர்ந்த ஓர் இடரைப் பகலில் அமைதியாக அமர்ந்திருந்தவன்மேல் ஏற்றினான், அவ்வளவே. கோவலன் கையில் உளியில்லை; வாளில்லை; அவன் ஓடவுமில்லை. ‘கல்லா’ என்னும் அடையையும் அடிகள் வாளா இட்டிலர். மதுரைக்காஞ்சி போற்றிய நூல்தேர்ச்சி இல்லாதவன் என்பதே அதன் பொருளென யாம் கொள்கின்றோம்.

பிற்காலச் சட்டம் இவ்விடத்தைத்தான் வரையறுக்க முயன்றது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, எதிர்ப்போனைப் பிடிக்கத் தேவையான வன்மையைக் காவலர்க்கு அளித்தது. ஆனால் மரணதண்டனைக்கோ தீவாந்தர தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்பெறாதவனைக் கொல்லும் உரிமையை அளிக்கவில்லை. தீவாந்தரத்துக்கு ஈடாக ஆயுள்தண்டனையைக் கொண்டு, 1973ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவும் அவ்வரம்பையே தொடர்ந்தன. பாண்டியன் ஆணையோ பிடித்தலையும் ஆராய்தலையும் தண்டித்தலையும் தெருவில் நின்ற காவலன் கையிலேயே ஒப்படைத்தது.

வழக்குரை காதையில் மன்னன், பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் எனக் கூறி உயிர் துறந்தான். அவனுக்குப்பின் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். வாள் வீசியவனைப் பற்றியோ, வினவிய இளைஞனைப் பற்றியோ, முதலில் ஐயுற்ற காவலரைப் பற்றியோ காப்பியம் பின் எங்கும் பேசவில்லை.