செரண்டிபைட்: ஆனந்த குமாரசுவாமியின் போரன் கல்

கொழும்பில் கலாபவனம் இருக்கிற வீதிக்குப் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. முந்தி கிரீன் பாத். வெள்ளவத்தையில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் கம்பஸுக்கு வாற கலைப்பீடத்துக்காரரான எங்களுக்கு அவர் சிவ நடனத்தைப் பற்றி எழுதின ஆள், அவ்வளவுதான். உண்மையில் அவர் படிச்சது புவிச்சரிதவியலும் தாவரவியலும். உலகம் அதுவரை அறியாத ஒரு போரன் கனியத்தை இந்தத் தீவில் கண்டெடுத்ததும் அவர்தான்.

1877 இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி, தாய் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண். இரண்டு வயது முடிய முதலே தகப்பன் இறந்துபோக, பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த இராமநாதன், இவருக்கு மச்சான் முறை. (அந்தக் குடும்பத்துக்கும் கல்லுக்கும் ஏதோ பூர்வ பந்தம் போல.) லண்டனில் பட்டம் எடுத்துத் திரும்பி வந்தவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குப் பணிப்பாளராக இருந்தார்.

கண்டிப் பக்கம், அம்பகோட்டேக்குக் கிட்ட கங்கபிட்டிய. அங்கே சுண்ணக்கல்லும் வேறொரு பாறையும் முட்டுகிற இடத்தில் நீலமாக ஒரு கனியம் கிடைச்சது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜி. டி. பிரையரும் குமாரசுவாமியும் சேர்ந்து 1903 இல் அதைப் புதுக் கனியமாக அறிவிச்சினம். கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன், இவற்றோடு போரன். பெயர் செரண்டிபைட். அரபு வணிகர் எங்கட தீவைக் கூப்பிட்ட செரண்டிப் என்ற பெயரில் இருந்து வந்தது.

சுண்ணக்கல்லுக்குள் போரன் எப்படிப் போனது? போரனுக்கு ஒரு குணம் இருக்கு: ஒரு இடத்தில் அடங்கி இருக்காது, நீராவியோடையும் சூடான திரவத்தோடையும் சேர்ந்து இடம் பெயரும். வெண்காரத்தில் மெதனோலும் சல்பூரிக்கமிலமும் விட்டுச் சூடாக்கினால், போரன் ஆவியாக எழும்பி வந்து பச்சைச் சுவாலையாய் எரியும். பாறையின் ஆழத்திலும் கிட்டத்தட்ட இதே குணம்தான் வேலை செய்தது. வெடிப்புகள் வழியாக வந்த போரன், சுண்ணக்கல்லோடு தாக்கம் புரிந்து புதுக் கனியமாக உறைந்தது.

இண்டைக்குத் தொழிற்சாலைகளில் ஆவியில் இருந்து போரன் படிய வைக்கிற வேலையும் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்குது. போரன் முக்குளோரைட்டு வாயுவையும் ஐதரசனையும் 1000 பாகைக்கு மேல் சூடான தங்குதன் கம்பியின் மேல் விட்டால், கம்பியில் போரன் படியும். அப்படிச் செய்த இழைகள் எஃப்-14 போர் விமானத்தின் வால் பகுதியில் இருந்தன. சிக்கல் எங்கே எண்டால், சில வாயுக்கள் மேற்பரப்புக்கு வந்து சேர முன்னமே நடு வழியில் உடைஞ்சு போகும். இருபோரேன் சூட்டில் இரண்டாகப் பிரியும். பிரிஞ்ச துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய போரேன்களாக மாறும். முவெதைல் போரன் எதிலீனைக் கழற்றிவிட்டு இலகுவாக உடையும். மும்மெதைல் போரனில் அந்த வழி இல்லை, அதனால் அதை உடைக்கக் கூடின சூடு வேணும். எந்தத் துண்டு கடைசியில் மேற்பரப்பைத் தொடுதோ, அதைப் பொறுத்துத்தான் படலத்தின் தரம். கங்கபிட்டியப் பாறை இந்த உலையைப் போல இல்லை: அங்கே பெரும் அமுக்கம், எண்ண முடியாத அளவு காலம். ஆனால் போரனைச் சுமந்து வந்து இறக்கிவிடுகிற வேலை ஒன்றுதான்.

கல்லைத் தேடி ஊர் ஊராய்த் திரிஞ்ச அதே வருசங்களில்தான் குமாரசுவாமி கண்டி நாட்டுக் கைவினைஞர்களின் வேலை அழிஞ்சு போறதையும் கண்டார். 1908 இல் வந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' அந்த அலைச்சலில் பிறந்த புத்தகம். அவர் கலைக்காக விஞ்ஞானத்தை விட்டுட்டுப் போனவர் எண்டு சொல்றதை நாங்கள் ஏற்க மாட்டம். ஒரு பொருள் எதால் ஆனது, யார் கையால் எப்படி உருவானது எண்டு கேட்கிற பழக்கம் அவருக்குப் பாறையில் இருந்து வந்தது. ஏ.எல்லில் பாடப்பிரிவு பிரிச்ச நாளோடு இரசாயனத்தை மறந்துபோன எங்களுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யுது.

அவர் 1947 இல் அமெரிக்காவில் இறந்தார். ஐந்து வருசம் கழிச்சு, 1952 இல், மண்ணிற ஒலிவைன் எண்டு எல்லாரும் நம்பி வித்த இலங்கை மாணிக்கக்கல் ஒன்றைச் சோதிச்சுப் பார்த்திச்சினம். அது ஒலிவைன் இல்லை, தனிக் கனியம். சிங்களைட் எண்டு பெயர் வைச்சினம். அதுக்குள்ளையும் போரன்.