ஐம்பது அடி

மலேசியாவில் ஆற்றங்கரையில் ஒரு சுவர் எழுப்ப எந்தச் சட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால், சுற்றுச்சூழல் சட்டம் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் முதலில் புரட்டவேண்டியது அதைவிட அரை நூற்றாண்டு மூத்த ஒரு சட்டத்தை. 1920ல் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் இயற்றிய நீர்ச் சட்டம் அது. பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் மட்டுமல்லாமல் மலாக்கா, பினாங்கு, கோலாலம்பூரிலும் இன்றுவரை அமலில் இருக்கிறது. அதன் 14வது பிரிவு சொல்வது சுருக்கமான விஷயம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் கரையோரமாகச் சுவரோ தடுப்புக்கட்டோ கட்டக்கூடாது. கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது.

ஐம்பது அடி என்றால் பதினைந்து மீட்டர் சொச்சம். ஒரு சாதாரண வரிசைவீட்டு மனையின் நீளம்கூட வராது.

நான் பார்க்கும் கட்டுமான வரைபடங்களில் இந்த இடைவெளி ஒரு புள்ளிக்கோடாக வரும். பக்கத்தில் 'ரிசாப் சுங்கை' என்று எழுதியிருக்கும். "ரிசர்வ் எவ்ளோ விடணும்?" என்ற கேள்வியோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு எதற்காகப் போடப்பட்டது, நூறு வருடத்தில் அது யாரைத் தடுத்தது, யாருக்கு வழிவிட்டது என்று பார்த்தால் கிள்ளான் ஆற்றின் கதையில் பாதி அதற்குள் இருக்கிறது.

ஈயமும் மண்ணும்

1857ல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்தார்கள். கோம்பாக் ஆறு வந்து சேரும் முனையில் இறங்கி அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் காய்ச்சலில் செத்துப்போனார்கள் என்பது நம் பள்ளிப் பாடத்துக்குப் பழக்கமான கதை. அவர்கள் இறங்கிய அந்தச் சேற்றுமுனைதான் கோலாலம்பூர்.

ஈயம் எடுப்பது என்றால் மண்ணைத் தண்ணீரால் கரைத்துக் கழுவுவது. கனமான ஈயம் அடியில் தங்கும். மிச்ச மண்ணும் மணலும் தண்ணீரோடு ஓடிவிடும். எங்கே ஓடும்? ஆற்றுக்குத்தான். மண் படிந்து ஆற்றின் படுகை உயரும். படுகை உயர்ந்தால், முன்பு கரைக்குள் அடங்கிய அதே மழைத்தண்ணீர் இப்போது கரைதாண்டி ஊருக்குள் வரும். இதற்குப் பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. பாதி மண் நிரம்பிய வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் புரியும்.

சிலாங்கூர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கோலகுபு நகரம் இப்படித்தான் போனது. வருடத்துக்கு வருடம் மண் ஏறி, வெள்ளம் வழக்கமாகி, கடைசியில் ஊரையே கைவிட்டு மேட்டில் வேறொரு ஊர் கட்டினார்கள். நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் திட்டம் போட்டுக்கொடுத்த அந்த ஊர்தான் 1930 வாக்கில் எழுந்த கோலகுபு பாரு. இன்று அழகான சிற்றூர் என்று படம் எடுக்கப் போகிறோம். அது ஓர் ஆற்றிடம் தோற்றுப்போனவர்கள் கட்டிய ஊர்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் காலத்துப் பிள்ளை. அதன்படி ஆறுகளின் உடைமையும் கட்டுப்பாடும் அந்தந்த மாநில ஆட்சியாளருடையவை. தண்ணீரைத் திருப்ப லைசன்ஸ், பாலமோ படகுத்துறையோ கட்ட லைசன்ஸ், ஆற்றில் விழும்படி மரத்தை வெட்டக்கூட லைசன்ஸ். கரையைச் சேதப்படுத்தியவனை வைத்தே அதைச் சரிசெய்யச் சொல்லலாம். எல்லாம் நல்ல விதிகள்தாம். ஆனால் அந்தச் சட்டத்தின் அக்கறை ஆற்றின் ஓட்டத்தின் மீது. ஆற்றின் உயிர் மீது அல்ல. சுரங்க முதலாளிகளும் தோட்ட முதலாளிகளும் ஒரே தண்ணீருக்கு அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் கருவி அது. ஐம்பது அடி என்பதும் அப்படி வந்ததுதான். ஆறு போய்வர ஓர் இடம் விட்டுவை என்பதுதான் அதன் பொருள்.

1926ல் தீபகற்பம் முழுவதையும் உலுக்கிய பெருவெள்ளம் வந்தது. 1932ல் வடிகால் நீர்ப்பாசன இலாகா பிறந்தது. நாம் ஜேபிஎஸ் என்று சொல்லும் அதே இலாகாதான். அன்றிலிருந்து கரை என்பது சட்ட வார்த்தையாக மட்டும் இல்லாமல் பொறியாளர்கள் வெட்டி, நேராக்கி, உயர்த்தும் பொருளாகவும் ஆனது.

கரைக்கு வந்தவர்கள்

சட்டப்படி அந்த ஐம்பது அடி காலியாக இருக்கவேண்டும். ஆனால் ஒரு நகரத்தில் காலி நிலம் ரொம்ப நாள் காலியாக இருக்காது.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு தோட்டங்கள் தாமான்களாக மாறியபோதும், லயத்தைவிட்டு இறங்கிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி நகரத்துக்கு வந்தது. கிராமத்திலிருந்து மலாய்க்காரர்களும் வந்தார்கள். சீனர்கள் பழைய ஈயக் குட்டைகளின் ஓரங்களில் ஏற்கெனவே இருந்தார்கள். கையில் காசில்லாதவன் எங்கே வீடு கட்டுவான்? யாரும் வாடகை கேட்க வராத இடத்தில். ரயில்பாதை ஓரம், கைவிட்ட லம்பம், ஆற்றங்கரை. 1980 வாக்கில் கோலாலம்பூர் மக்கள்தொகையில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் புறம்போக்குவாசிகள். அவர்களோடு அவர்களின் சாமிகளும் வந்தன. நம் பழைய கோயில்களில் பல ஏன் ஆற்றோரத்திலும் தண்டவாளத்தோரத்திலும் இருக்கின்றன என்பதற்குத் தலபுராணத்தைத் தேடவேண்டியதில்லை. நிலப்பட்டாவைத் தேடினால் போதும், அது இருக்காது.

1971 ஜனவரி வெள்ளத்தில் 32 பேர் இறந்தார்கள். 180,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு தலைநகரின் வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் வேகம் பிடித்தன. ஆற்றை அகலப்படுத்த இடம் வேண்டும். அப்போதுதான் கரையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடு கண்ணில் பட்டது. அவர்கள் வீடு கட்டியபோது யாரும் காட்டாத கோடு, இடிக்கும்போது மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

கரையில் வீடு இருப்பது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. பொறியாளராக அந்த நிலம் வெள்ளத்துக்கு உரியது என்றே சொல்வேன். ஆனால் வெள்ளத்துக்கு உரியது என்று சொல்லிக் காலிசெய்த நிலத்தை அப்புறம் வெள்ளத்துக்கே கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி.

பக்கத்துக்காரன் யார்?

1974ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அன்றைய உடனடிக் கவலை செம்பனை ஆலைகளும் ரப்பர் ஆலைகளும் ஆற்றில் விட்ட கழிவு. பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்யவேண்டும் என்ற ஆணை 1987ல் வெளியாகி 1988 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்த ஆணையில் வீடமைப்புத் திட்டத்துக்கு வைத்த அளவு 50 ஹெக்டர். அதற்குக் கீழே இருந்தால் வீடமைப்பு என்ற பெயரில் மதிப்பீடு தேவைப்படவில்லை. ஆற்றங்கரையோ பெரும்பாலும் பெரிய அடியால் சாவதில்லை. மூன்று ஹெக்டர், ஐந்து ஹெக்டர் என்று துண்டு துண்டாகத்தான் போகும்.

அப்படிப்பட்ட சின்னத் திட்டங்கள் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வழியாக வருகின்றன. ஜேபிஎஸ் கருத்துச் சொல்லும். அதன் வழிகாட்டியில் ஓர் அட்டவணை உண்டு: ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் இரு பக்கமும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம், 20 முதல் 40 என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20 மீட்டர், 5 முதல் 10 என்றால் 10 மீட்டர், அதற்கும் கீழே 5 மீட்டர். 10 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளுக்கு இது பழைய ஐம்பது அடியைவிட மேல். ஆனால் இந்த அட்டவணையை அப்படியே படித்தால் ஒரு விபரீதம் தெரியும். ஆறு குறுகினால் ஒதுக்கு நிலமும் குறுகும். கான்கிரீட் சுவருக்குள் அடைத்து ஓர் ஆற்றை ஒல்லியாக்கிவிட்டால், அது தனக்கென்று கேட்கக்கூடிய நிலமும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது ஆட்சேபம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி (கோலாலம்பூருக்கு இது பொருந்தாது, அதற்குத் தனிச் சட்டம்), உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் போகவேண்டும். நடுவில் சாலையோ வடிகாலோ ஒதுக்கு நிலமோ இருந்தால், அது 20 மீட்டருக்கு மேல் போகாதவரைதான் அந்தப் பக்கத்து நிலம் பக்கத்து நிலம். ஓர் ஆற்றை இங்கே வைத்துப் பாருங்கள். இக்கரையை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் ஏறப்போவது அக்கரையில். ஆனால் ஆறும் அதன் ஒதுக்கு நிலமும் சேர்ந்தால் 20 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். அக்கரைக்காரன் சட்டத்தின் கண்ணில் பக்கத்துக்காரன் இல்லை. பட்டா இல்லாமல் கரையில் குடியிருப்பவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

காலி இடத்துக்கு வந்த பெரியவர்கள்

கிள்ளான் ஆற்றின் மேல் நின்றுகொண்டிருக்கிறது மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையம். 1996ல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் நகர மையத்தில் ஆற்றோரமாகவே போகிறது. 2001ல் திறக்கப்பட்ட அம்பாங் மேம்பாலச் சாலை இன்னும் ஒருபடி மேலே. அதன் தூண்கள் ஆற்றின் கரையிலும் ஆற்றுக்குள்ளும் இறங்கியிருக்கின்றன. இவை அனுமதியோடு, பொதுப் பயனுக்காகக் கட்டப்பட்டவை. நானும் அந்த ரயிலில்தான் போகிறேன்.

ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். நெரிசலான நகரத்தில் தனியார் நிலம் வாங்கினால் நஷ்டஈடு, வழக்கு, வருடக்கணக்கில் தாமதம். ஆற்றங்கரையில் ஒரே உரிமையாளர்: அரசாங்கம். சொல்லப்போனால், ஆற்றுக்காகச் சட்டம் காலியாக வைத்திருந்த நீண்ட நிலப்பட்டை, நகரத்துக்குக் குறுக்கே போகும் மலிவான பாதையாக ஆகிவிட்டது. 1920ல் ஆற்றின் உடைமை, அனுமதி கொடுக்கும் அதிகாரம் இரண்டையும் ஒரே கையில் கொடுத்தார்கள். அந்தக் கையே பெரிய கட்டுமானக்காரனாகவும் ஆனபோது, அனுமதி என்பது தன்னிடமே கேட்டுத் தனக்கே கொடுத்துக்கொள்வதாகிறது. புள்ளிக்கோடு தகரக்கொட்டகையை நிறுத்தியது, நெடுஞ்சாலைக்கு வழிவிட்டது.

பிறகு அதே ஆற்றை அழகாக்க 'ரிவர் ஆஃப் லைஃப்' வந்தது. 110 கிலோமீட்டர் ஆற்றைச் சுத்தப்படுத்துவதோடு சேர்த்து 4.4 பில்லியன் ரிங்கிட் திட்டம். சங்கம முனையில் இப்போது நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமும் உண்டு. கரைச் சுவர் அப்படியே இருக்கிறது. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் நீராடிப் புறப்படும் பத்து ஆறும் இதே கோம்பாக்கில்தான் வந்து கலக்கிறது. ஆற்றில் முங்கி எழுந்த இடத்தில் இன்று பலர் குழாயடியில் நிற்கிறார்கள்.

இதற்கு நான் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62வது பிரிவில் வழி ஏற்கெனவே இருக்கிறது. மாநில அரசு ஆற்று ஒதுக்கு நிலத்தைக் கெஜட்டில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால், அதை ரத்துசெய்ய அறிவிப்பும் விசாரணையும் தேவை. மக்கள் வந்து பேச ஒரு நாள் கிடைக்கும். நாட்டின் ஆறுகளில் பலவற்றின் ஒதுக்கு நிலம் இன்னும் கெஜட் ஆகாமல், வரைபடத்தில் புள்ளிக்கோடாக மட்டுமே இருக்கிறது. அந்தக் கோட்டை ஒரு கூட்டத்தில் நகர்த்திவிடலாம்.

உங்கள் தாமான் பக்கம் ஓர் ஆறு ஓடினால், நீங்கள் அதைச் சாக்கடை என்றே சொல்லிப் பழகியிருந்தாலும் பரவாயில்லை, அதன் ஒதுக்கு நிலம் கெஜட் ஆகியிருக்கிறதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். ஆற்றுக்கு அடுத்த நிலம் அரசுடையது என்பதால், ஆற்றின் சார்பில் கடிதம் கிடைக்கப்போகிறவர் யாருமில்லை.