கார்ட்டூனும் குங்ஃபூவும்: சிரிப்பின் விலை

ஹொங்கொங் இயக்குநர் ஸ்ரீபன் சௌவின் 'குங்ஃபூ ஹஸில்' 2004 இல் வெளிவந்தது. அதில் வீட்டுக்காரி கதாநாயகனைத் துரத்தும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருவரது கால்களும் சக்கரங்களாகச் சுழல்கின்றன. பின்னால் புழுதி கிளம்புகிறது. 1949 இல் சக் ஜோன்ஸ் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக இயக்கிய முதலாவது 'ரோட் ரன்னர்' கார்ட்டூனின் வழித்தோன்றல் இக்காட்சி என்பது வெளிப்படை.

ஆனால், இந்தக் கடன் கார்ட்டூனுடன் தொடங்கியதல்ல. கார்ட்டூன் கலைஞர்களே மௌனப்பட நகைச்சுவையாளர்களிடம் பாடம் கற்றவர்கள். ஜக்கி சானும் அதே ஊற்றிலிருந்துதான் அள்ளினார். 1923 இல் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் ஹரோல்ட் லொயிட் மணிக்கூட்டின் முள்ளைப் பிடித்துத் தொங்கினார். 1983 இல் 'புரொஜெக்ட் ஏ' படத்தில் ஜக்கி சான் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து விழுந்தே காட்டினார்.

இங்கேதான் வேறுபாடு இருக்கிறது. ரோட் ரன்னரைத் துரத்திப் பள்ளத்தில் விழும் கொயோட்டி அடுத்த காட்சியிலேயே எழுந்து நிற்கும். மனித உடல் அவ்வாறானதல்ல. 'ஆர்மர் ஒஃப் கோட்' (1986) படப்பிடிப்பின்போது யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்த ஜக்கி சானின் மண்டையோடு உடைந்தது. அவர் உயிர் பிழைத்ததே பெரிது.

வீட்டுக்காரியாக நடித்த யுவன் சியூ, ஜக்கி சான் பயின்ற அதே பீக்கிங் ஒபரா ஆசிரியரின் மாணவி. 2004 இல் அவரது கால்களைச் சுழற்றும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. கார்ட்டூனின் வேகத்தை எட்டுவதற்கு எவரும் எலும்பை முறிக்கவேண்டிய தேவை அதனால் குறைந்தது. பழைய படங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்தத் தேவை இருந்த காலத்தையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.