சோழமண்டலம் கட்டிய கைகள்



ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஓவிய ஆசிரியனாக இருக்கிறேன். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாறென்றால் 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியதிலிருந்து நிறையச் சொல்லலாம். நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு அத்தியாயம்.

கோடை வந்தால் சில கலைக்கூடங்கள் ஓவியர்களை அழைத்து, தங்க அறையும் வேலை செய்ய இடமும் தருகின்றன. ‘ரெசிடென்சி’ என்கிறார்கள். நாலு வாரம், ஆறு வாரம். அப்புறம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அமெரிக்காவில் மக்டவல் தம்பதியர் 1907இலேயே இப்படியோர் இடம் அமைத்தார்கள். அங்கே ஒருவர் இடம் கொடுப்பார், கலைஞர் விருந்தாளி. நம்மவர்கள் செய்தது வேறு.

கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் நம் கல்லூரியின் முதல்வரானார். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் திறமை இருந்தது. படம் வாங்க ஆள்தான் இல்லை. “படிச்சு முடிச்சுட்டு என்னப்பா பண்ணப் போறே?” என்று வீட்டில் கேட்டால் பதில் கிடையாது. அலுவலக வேலைக்குப் போனால் தூரிகை பரணுக்குப் போய்விடும்.

வழி பாத்திக் துணியில் கிடைத்தது. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் போட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கிவிடலாம். கைவினைச் சங்கம் அமைத்து இத்தகைய பொருள்களைச் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஆரம்பத்தில் மணலும் கீற்றுக் கொட்டகையும்தான்.

கைத்தொழிலில் இறங்கினால் கலை கெடாதா என்று கேட்கலாம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை தொடங்கியது 1963இல். பாத்திக் வயிற்றைப் பார்த்துக்கொண்டதால், படத்தை வாங்குபவர் விருப்பத்துக்கு வளைக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் அங்கேயே இருந்துவிடவில்லை. வி. விசுவநாதன் 1968இல் பாரிஸ் சென்றார், எஸ்.ஜி. வாசுதேவ் பின்னாளில் பெங்களூரு சென்றார். பணிக்கர் 1977இல் மறைந்தார். ஆனாலும் கிராமம் கலையவில்லை. 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் திறந்தார்கள். சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் அங்கே காணலாம். இப்போது படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னிடம் வரும் மலைப் பிள்ளைகளில் நன்றாக வரைபவர்கள் உண்டு. “சார், இது சோறு போடுமா?” என்று கேட்பார்கள். ‘தானாகப் போடாது, ஆனா நாலு பேர் சேர்ந்தா போட வைக்கலாம்’ என்பதுதான் நான் சொல்லும் பதில். அதற்கு ஆதாரம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடைக்கு ஒரு பத்து நாள் நம் மாணவர் சிலரை இங்கே அனுப்பிவையுங்கள். அவர்களும் இந்தப் பிள்ளைகளும் சேர்ந்து வரையட்டும். பெரிய வசதி இல்லை. பள்ளித் திண்ணை இருக்கிறது, சாமைச் சோறு இருக்கிறது. செலவுக்குச் சங்கம் கை கொடுத்தால் போதும்.